ஜிலேபி வாங்கப் போன ராஜா

கள்ளிக்குப்பம் சமுதாயக் கூடத்தில் நடந்த நாடக ஒத்திகையில் எல்லோரும் கைதட்டினார்கள். சுரேகா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி, இளவரசி வேஷம் உன் ஃபிரெண்டுக்குப் போய்டுச்சுன்னு பொறாமையா?" பூதமாக நடிக்கும் வினோத் சீண்டினான்.

வேஷமாவது மண்ணாங்கட்டியாவது! நடந்தது பச்சைத் துரோகம்.

நாடகம் போடும் ஹேமநாதன் சார் வசனமே எழுதித் தருவதில்லை. "உங்க மனசுல நெசமா வலிச்சதை எடுத்துப் பேசுங்க, கதையில நான் கோத்துக்கறேன்" என்பார். இன்று, ராஜா காட்டிலே விட்டுப்போன இளவரசியாக லத்தீஃபா பேசினாள்.

"ஜிலேபி வாங்கியாறேன்னு போனீங்களே ராஜா! புதுத்துணி போட்டுகினு வாசல்லயே நின்னேன். அம்மா சாப்பிடக் கூப்ட்டாங்க. நீங்க வந்துடட்டும்னேன். வரவே இல்லியே!"

சாரே எழுந்து வந்தார். "இத்த அப்படியே மேடையில வெச்சுக்கலாம்" என்றார்.

அது சுரேகா வீட்டுக் கதை. புரோட்டா வாங்கி வருகிறேன் என்று போன அவள் அப்பா இன்றுவரை வீடு திரும்பவில்லை. ஊருக்கெல்லாம் 'அப்பா வடநாட்டு லாரியில் ஓடுகிறார்' என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மையைப் போன வாரம் லத்தீஃபா ஒருத்தியிடம்தான் சொன்னாள். கேட்டுவிட்டு இவளைவிட அதிகமாக அழுதாளே, அதுவும் நடிப்பா? பாவி, புரோட்டாவை ஜிலேபியாக்கி, கூடப் புதுத்துணியும் மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாதா? நாடகத்தன்று அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்கப் போகிறாளே!

லத்தீஃபாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள்.

"உன்ன நம்பித்தானேடி சொன்னேன்! எங்கூட்டு மானத்த இப்படிக் கூட்டத்துல வித்துட்டியே!"

"சுரே, நான் இன்னா சொல்ல வரேன்னா..."

"பேசாத! கைதட்டல் வாங்க உனக்கு என் அழுகதான் கெடச்சுதா? இனிமே என் மூஞ்சில முழிக்காத!"

லத்தீஃபா தலையைக் குனிந்துகொண்டாள். அது சுரேகாவின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"அப்பா இல்லாத வலி உனக்கின்னாடி தெரியும்? உங்க அத்தா துபாய்லேர்ந்து தெனம் போன் பண்றாருன்னு பீத்திக்கிறவதானே நீ!"

லத்தீஃபா கூடத்தின் கதவைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்.

"துபாய்ல எங்களுக்கு யாருமே இல்லடி."