கைக்கு எட்டாத டிரம்ஸ் குச்சி

ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டிய ஏலத்தில் அந்த டிரம்ஸ் குச்சியைப் பெரியவர் ஒருவர் தட்டிக்கொண்டு போக, ரசிகருக்கு வயிறு எரிந்தது. முப்பது வருடத்துக்கு முன், அவருடைய அபிமான ராக் குழுவின் கடைசிக் கச்சேரியில் டிரம்மர் கூட்டத்துக்குள் வீசிய குச்சி. அன்றும் அது ரசிகர் கைக்கு எட்டவில்லை.

பெரியவரின் மனைவி அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் குழுவோட பாட்டுல உங்களுக்கு எது சார் பிடிக்கும்?” என்று பெரியவரை மடக்கினார் ரசிகர்.

“ஒண்ணுகூடக் கேட்டதில்லையே தம்பி.”

“அப்புறம் எதுக்கு சார் என்னோட மல்லுக்கு நின்னீங்க?”

பெரியவர் நெற்றித் தழும்பைத் தடவினார்.

“அன்னிக்கு மேடைக்குக் கீழே, காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டுக் காவலுக்கு நின்னவன் நான். திரும்பினேன், இது பறந்து வந்து மண்டையைப் பிளந்துடுச்சு. ஏழு தையல்!”

“அடப்பாவமே!”

“என்ன பாவம்? தையல் போட்ட நர்ஸ்தான் அங்கே குச்சியைத் துடைச்சுக்கிட்டிருக்கா.”