காபிக்கடையில் ஒரு கேமரா

காபிக்கடையின் அன்றாட வாழ்க்கையைப் புகைப்படத் தொடராக எடுக்க ஒரு கேமரா வந்து சேர்ந்தது. நுரை ததும்ப நின்ற பித்தளை டம்ளரைக் கண்டதும், "அப்படியே அசையாம நில்லுங்க. ஆனா இயல்பா இருங்க," என்றது.

டம்ளருக்குப் பெருமை தாங்கவில்லை. விறைத்து நின்றது. கேமரா அதை ஜன்னல் பக்கம் நகரச் சொன்னது. பிறகு டபராவைத் தள்ளி நிற்கச் சொன்னது. சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு வந்த பெண், தன் காபியைத் தொடக் கூச்சப்பட்டுக் காத்திருந்தாள்.

"ஆறிப்போகுது பாரு. பாவம், அவ இன்னும் ஒரு வாய் குடிக்கல," என்று டபரா முணுமுணுத்தது.

டம்ளருக்குச் சுருக்கென்றது. "எடுத்துக் குடிங்கம்மா!" என்று உரக்கச் சொன்னது.

அவள் சட்டென்று எடுத்து, அண்ணாந்து, கடகடவென்று குடித்தாள்.

"ஐயையோ, உங்க அடிப்பாகம்தான் தெரியுது! முகத்தைக் காட்டுங்க!" என்று கேமரா டம்ளரிடம் பதறியது.

"ஒருத்தர் குடிக்கிறப்போ என் முகம் இதுதான். வேணும்னா எடுத்துக்கோங்க," என்றது டம்ளர், கவிழ்ந்தபடியே.

கேமரா வேறு வழியில்லாமல் சொடுக்கியது. அந்தத் தொடரில் யாரும் கேமராவைப் பார்க்காத படம் அது ஒன்றுதான்.