போர்ட் மெசேஜ்

எதிர்வீட்டு மாடியில் நின்ற டவரிடம் போன் மூன்று வருஷமாகக் கெஞ்சியது. "அண்ணே, இன்னும் ஒரு கோடு சிக்னல் குடுங்கண்ணே!"

டவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் ரோஷம் பொத்துக்கொண்டு வர, வேறு நெட்வொர்க்குக்கு மாறுவதாகப் போர்ட் மெசேஜைத் தட்டிவிட்டது போன். அவ்வளவுதான்! "கண்ணு, தங்கம், போயிடாதே! இந்தா, அஞ்சு கோடு!" என்று டவர் தலைகீழாக நின்று கொஞ்சியது. போனுக்குத் தலைகால் புரியவில்லை. வைப்ரேஷனிலேயே மேஜை முழுக்க ஆடித் தீர்த்து, மாறுவதை ரத்து செய்தது.

மறுநாள் பழையபடி ஒற்றைக் கோடு. போன் மறுபடி மெசேஜ் தட்டியது. மறுபடி அஞ்சு கோடு, மறுபடி ஆட்டம்.

ஏழாவது தடவை, கூடவே ஆடி ஓரம் கிழிந்த போன் கவர் கத்தியது: "ஒரேயடியா மாறித் தொலையேன்டா!"

"மாறிட்டா, அப்புறம் என்னை யாருடா இப்படிக் கொஞ்சுவாங்க?" என்றது போன், மெசேஜைத் தட்டிக்கொண்டே.