மேசை தட்டும் வேலை

காட்டுச் சட்டமன்றத்தில் உறுப்பினர் மயில் எழுந்தது.

"அமைச்சர் அவர்களே, சிறகொடிந்தவர்களுக்கும் கால் இழந்தவர்களுக்கும் வேலை தருவதாகச் சொன்னீர்களே, என்ன ஆயிற்று?"

"தந்துவிட்டோம்" என்றது அமைச்சர் கரடி.

உடனே டக்டக்டக் என்று மேசை தட்டும் சத்தம் கேட்டது. தட்டியது சிறகொடிந்த ஒரு மரங்கொத்தி.

"யாருக்குத் தந்தீர்கள்?"

"இதோ, இந்த மரங்கொத்திக்குத்தான். நான் பேசி முடித்ததும் மேசையைத் தட்ட வேண்டும். நிரந்தர வேலை."

டக்டக்டக்.

"மற்றவர்களுக்கு?"

"அது அரசின் பரிசீலனையில் உள்ளது."

இந்தமுறை சத்தம் வரவில்லை. மரங்கொத்தி மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரடி மெதுவாகத் தொண்டையைச் செருமியது. மரங்கொத்திக்கு வீட்டில் இரண்டு குஞ்சுகள்.

டக்டக்டக்.

வெளியே மரத்தடியில் வேலைக்காகக் காலையிலிருந்து காத்திருந்தது, ஒரு கால் இழந்த முயல். சத்தம் கேட்டதும் அதன் முகம் மலர்ந்தது. பக்கத்தில் படுத்திருந்த, கண் தெரியாத ஆமையைத் தட்டி எழுப்பியது.

"எழுந்திருங்கண்ணே. உள்ளே எப்படித் தட்டுறாங்க பாருங்க! நமக்கு வேலை வந்துருச்சு."