கூடுதல் தகுதி

முதல் கல் ராஜவேலுவின் தோளில் பட்டது. இரண்டாவது கல் காதைக் கிழித்துக்கொண்டு போனது. "கருங்காலி உள்ள போறான்டா" என்று யாரோ கத்த, கம்பி ஆலையின் கேட்டுக்கு வெளியே நின்ற வேலைநிறுத்தக் கூட்டம் அவனைக் கீழே தள்ளி மிதித்தது.

திருப்பி அடிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தார் ரோட்டில் சுருண்டு கிடந்தான். அடி வாங்குவது அவனுக்குப் புதிது இல்லை.

"உடுங்கடா. வவுத்துக்கு இல்லாம வந்துக்கிறான், அவனைப் போட்டு இன்னாத்துக்கு மெதிக்கிறீங்க?"

விலக்கிவிட்டவன் சங்கத் தலைவன் குப்புராஜ். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து ராஜவேலுவின் காதில் வைத்து அழுத்தினான். "ஊட்டுக்குப் போ நைனா. ஸ்ட்ரைக் முடியட்டும், நானே உன்ன இட்டுக்கினு போயி மேனேஜராண்ட பேசறேன்."

நல்ல மனுஷன்தான். ஆனால் வீட்டுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? இந்தத் தடவையும் வெறுங்கையோடு வந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பழவேற்காட்டில் அப்பன் வீட்டோடு போய்விடுவதாக ரத்னா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

போலீஸ் வேன் வந்து கூட்டம் சிதறியது. ராஜவேலு ரத்தம் ஊறிய துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்துவிட்டான்.

மேனேஜர் துளசிராமன் டெரிலின் சட்டை கசங்காமல், கல்லடியில் உடைந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தே? ஏன் விட்டே?"

கீழ்ப்பாக்கத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று ரத்னா தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியிருந்தாள். கவரைப்பேட்டை அரிசி மில்லில் சேர்ந்தபோது அவன் வாயைத் திறக்கவில்லைதான். விஷயம் எப்படியோ கசிந்தது. பைத்தியம் தெளியட்டும் என்று மில்லில் இருந்தவர்கள் அவனைத் தூணோடு கட்டி வைத்து, அறுந்த மெஷின் பெல்ட்டால் விளாசினார்கள். முதுகுத் தோல் உரிந்தபோது அந்தப் புண்ணியவான்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறைத்துவிட்டுத் தினம் தினம் பயந்து சாக இனி அவனால் ஆகாது.

"சார், நான் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரில இருந்தவன். ராவும் பகலும் தூக்கமே வராது. யாரோ காதாண்ட பேசிக்கினே இருப்பாங்க. இப்ப நல்லாயிட்சி, மாத்திரை மட்டும் போட்டுக்கினு கீறேன். சொல்லாம சேந்துட்டு அப்பால பேஜாரு வாணாம்னுதான் மின்னாடியே சொல்லிட்டேன்."

சொன்ன கையோடு எழுந்து நின்றுகொண்டான். வாசலைக் காட்டுவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டால் அவமானம் கொஞ்சம் குறைவு என்பது அவன் அனுபவத்தில் கண்டது.

துளசிராமன் வாசலைக் காட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "உட்காருப்பா. யாரையாவது அடிச்சிருக்கியா?"

"ஈ எறும்பைக்கூட அடிச்சதில்ல சார். நான்தான் எல்லார்கிட்டயும் வாங்கிக்கினு கீறேன்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "சரி, பரவாயில்லை. ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டு இருக்கா? டாக்டர் கையெழுத்து, சீல் எல்லாம்?"

ராஜவேலு சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தார். "இதைப் பத்திரமா வெச்சுக்கோ. எந்தக் காலத்துலயும் தொலைச்சிடாதே" என்று தானே மடித்து அவன் பையில் வைத்தார்.

பிறகு டீ வரவழைத்துக் கொடுத்தார். "உன்னை மாதிரி ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். வாட்ச்மேன் வேலை. இன்னிக்கே சேர்ந்துக்கோ."

உண்மையைச் சொன்ன பிறகு ஒருத்தர்கூட இதுவரை ராஜவேலுவை உட்கார வைத்ததில்லை. ரத்னாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், சொன்னதால்தான் கிடைத்தது என்று. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. டீ டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்து மறைத்துக்கொண்டான்.

துளசிராமன் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு இரும்புக் கம்பியை எடுத்து அவன் கையில் கொடுத்து, ஜன்னல் ஓரம் கூட்டிப் போனார். வெளியே தார் டின் மேல் ஏறி நின்று குப்புராஜ் பேசிக்கொண்டிருந்தான்.

"அவன்தான். சாயங்காலம் ரயில்வே கேட் பக்கம் சைக்கிள்ல தனியாப் போவான். பின்னாலிருந்து மண்டையில ஒரே போடு."

"சார், செத்துப்பூடுவாரு."

"சாகட்டும். நீ எதுக்குப் பயப்படறே? பைத்தியத்தை எந்தக் கோர்ட்டும் தூக்குல போடாது. அதான் கையில சீட்டு வெச்சிருக்கியே."

ராஜவேலுவின் இடுப்பில் இருந்த துண்டின் ஈரம் வேட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வேலை போயிற்று, ரத்னாவும் போய்விடுவாள் என்பது அவனுக்குப் புரிந்தது. மற்ற எல்லாமும்கூட அப்போதுதான் புரிந்தது.

மெல்ல நடந்து போய், தாழ்ப்பாள் போட்ட கதவுக்கும் மேனேஜருக்கும் நடுவில் நின்றுகொண்டான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினான்.

"இந்தச் சீட்டு யாரை அடிச்சாலும் செல்லும் இல்ல, சார்?"