படையல் ஒதுக்கீடு

கஞ்சாவுக்கு இருந்த தடை நீங்கிவிட்டது. யார் விற்கலாம், எந்த வயதில் வாங்கலாம் என்றெல்லாம் விதி எழுதி முடித்த அதிகாரி வில்வநாதனுக்கு, காவல் தெய்வங்களின் படையலுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது மட்டும் பிடிபடவில்லை. சாமியிடம் வயதுச் சான்றா கேட்க முடியும்? நேரில் பார்த்துவிடலாம் என்று மாடசாமி கோயில் கொடைவிழாவின் மதியப் பூசைக்கு வந்தார். அரசு முத்திரை குத்திய கஞ்சாப் பொட்டலம் ஒன்றைச் சுருட்டுக்கும் சாராயத்துக்கும் நடுவில் தன் கையாலேயே வைத்தார். மேளம் ஏறியது. சாமியாடி பூவலிங்கம் கண்ணை மூடி நின்றார், நின்றுகொண்டே இருந்தார். உடம்பில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

“மாடன் வரமாட்டேங்கானே,” என்றார் கடைசியில். “அந்தப் பொட்டலத்த எடுத்திருங்க ஐயா.”

எடுக்கக் குனிந்த வில்வநாதனின் வலது கால் தானாக உதறியது. வெயிலாக இருக்கும் என்று நினைத்துக் காலை மணலில் அழுத்தினார். நடுக்கம் இடுப்புக்கு ஏறியது. யாரோ குலவையிட்டார்கள். பூவலிங்கம் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்து அவர் காலில் விழுந்தாள். அவளை அவருக்குத் தெரியும். தடை இருந்த காலத்தில், சோதனை அதிகாரியாக இருந்தபோது, ஒரு பொட்டலத்துக்காக அவள் மகனைப் பிடித்து உள்ளே தள்ளியதே அவர்தான். உள்ளே கிடப்பவர்களைப் பற்றி அவர் எழுதிய விதிகளில் ஒரு வரிகூட இல்லை.

“எம்புள்ள எப்பம் சாமி வருவான்?” என்றாள். “நீதான் சொல்லணும்.”

மேளம் நின்றது. கூட்டம் அவர் வாயையே பார்த்தது. தன் வாய் என்ன சொல்லப்போகிறதென்று வில்வநாதனும் காத்து நின்றார்.