திரைக்கு வராத படகு

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே, படகுகளைக் கண்காணிக்கும் சிறிய அலுவலகத்தில் ஜெயபிரியா கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெயில் திரையை வெளுக்க வைக்கிறது. இடது கையால் வெயிலை மறைத்துக்கொள்கிறாள். கடலிலுள்ள படகுகளைக் காட்டும் பச்சைப் புள்ளிகள் காலையிலிருந்து தோன்றுவதும் மறைவதுமாக இருக்கின்றன. வெளியே காற்று கதவுகளை அடிக்கிறது. படகுக்காரர் பேச்சிராஜா அவள் நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறார். அவருடைய தம்பி நயினார் போன படகைத் திரையில் காணோம்.

"ஏம்மா, படகுக்கு ஒண்ணுமில்லல்லா? உங்க மிஷின்லதான கோளாறு?"

"அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. வார தகவல்ல பாதி வழியிலயே தொலஞ்சு போவுது."

படகுத் தகவலைப் பெறுவது சர்வருக்குள் ஓடும் ஒரு மெய்நிகர் கணினி. சர்வருக்கு அவள் அனுப்பிப் பார்க்கும் சிறு தகவல் துணுக்குகளான பாக்கெட்டுகள் எல்லாம் திரும்பி வருகின்றன. உள்ளே ஓடும் கணினிக்கு அனுப்புபவைதான் தவறுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவளின் விரல் நிற்கிறது. அந்த மெய்நிகர் கணினியிலிருந்து சோதனைக்காக எடுத்த நகலும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதே நெட்வொர்க் முகவரியோடு. ஒன்றுக்கு வரவேண்டியது மற்றதற்குப் போகிறது. நகலை நிறுத்துகிறாள். அதன்பின் ஒரு பாக்கெட்கூடத் தவறவில்லை. புள்ளிகள் கடல் முழுவதும் மறையாமல் நிலைக்கின்றன.

"வந்துட்டு, வந்துட்டு!" பேச்சிராஜா குனிந்து படகுப் பெயர்களை வாய்விட்டுப் படிக்கிறார். கடைசிப் பெயரை எட்டியதும் மறுபடி மேலிருந்து தொடங்குகிறார். குரல் மெலிகிறது. "இன்னும் கோளாறு இருக்கும்மா. நல்லாப் பாரு."

ஜெயபிரியா அவர் முகத்தைப் பார்க்காமல் ஃபோனை எடுத்துக் கடலோரக் காவல்படையின் எண்ணைத் தட்டுகிறாள்.

"மிஷின் சரியாயிட்டு, அண்ணாச்சி."